தொட்டி நிரம்பிய பிறகு

செப்டிக் டேங்க் லாரி தெருவுக்குள் நுழைந்தால் முதலில் ஜன்னல்கள் சாத்தப்படும். தொட்டி மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறப்பார்கள். கனத்த குழாய் உள்ளே இறங்கும். மோட்டார் அரைமணி நேரம் ஓடும். "போகும்போது தண்ணி ஊத்திக் கழுவி விட்டுட்டுப் போங்கண்ணே" என்று வீட்டம்மா தூரத்தில் நின்றே சொல்வார். "சரிங்கக்கா" என்பார் ஓட்டுநர். பணம் கைமாறும். லாரி தெருமுனை திரும்பியதும் ஜன்னல்கள் திறந்துகொள்ளும். பெரம்பலூரோ அரியலூரோ, ஜெயங்கொண்டமோ செந்துறையோ, எங்கும் இது இப்படித்தான் நடக்கிறது. "இதை எங்கே கொண்டுபோகிறீர்கள்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் பல ஆண்டுகள் கேட்டதில்லை.

அந்த லாரியில் இருப்பது என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கழிவை அளக்க அறிவியல் கண்டுபிடித்த அளவுகோல் சற்று வினோதமானது. கழிவின் எடையை அது கேட்பதில்லை. அந்தக் கழிவைத் தின்று முடிக்க நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்று கேட்கிறது. சோறு தின்கிற நாம் மூச்சு விடுவதுபோல, கழிவைத் தின்கிற பாக்டீரியாவும் மூச்சு விடுகிறது. அந்த மூச்சின் கணக்குக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று பெயர். பொறியாளர்கள் பி.ஓ.டி. என்பார்கள். வீட்டிலிருந்து சாக்கடைக்குழாயில் போகும் நீரில் இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும். ஆண்டுக்கணக்கில் தொட்டியின் அடியில் தேங்கிய மலக்கசடில் அது ஆயிரக்கணக்கில் போகும்.

ஐயாயிரம் லிட்டர் பிடிக்கும் ஒரு லாரி. அதிலுள்ள கசடின் பி.ஓ.டி. லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு லாரிக் கழிவு தின்று தீர்க்கப்பட 25 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெயிலில் நல்ல ஏரி நீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான். ஆக, அந்த லாரியைக் குட்டையில் திறந்துவிட்டால் ஏறத்தாழ 31 லட்சம் லிட்டர் நீரின் மூச்சு முழுவதையும் அது கேட்கும். காற்றிலிருந்து ஆக்சிஜன் மறுபடி நீரில் கரையும், உண்மைதான். ஆனால் அசையாத குட்டையில் அது மிக மெதுவாக நடக்கும் வேலை. லிட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் தாங்குவதில்லை. விடிகாலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

வீட்டுத் தொட்டியிலேயே கழிவு சுத்தமாகிவிடுகிறது என்பதுதான் நம்மில் பலருடைய நம்பிக்கை. டொனால்டு கேமரன் என்ற நகரப் பொறியாளர் 1895-ல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் மூடிய தொட்டி ஒன்றைக் கட்டி அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தார். அழுகவைக்கும் தொட்டி என்று பொருள். காற்றில்லாத இருட்டில் கனமானது அடியில் படியும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் கலங்கல் நீர் வெளியேறும். ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியாக்கள் அடிக்கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து மீத்தேனாகவும் வேறு வாயுக்களாகவும் மாற்றும். அவ்வளவுதான் அதன் வேலை. வெளியே வரும் நீரில் பாதிக்கு மேல் அழுக்கு அப்படியே இருக்கும். நோய்க்கிருமிகள் ஏறக்குறைய எல்லாமே இருக்கும். எஞ்சிய வேலையைச் செய்ய வேண்டியது தொட்டிக்கு அடுத்திருக்கும் உறிஞ்சுகுழியும் அதைச் சுற்றியுள்ள மண்ணும்தான். மண் துகள்களின் இடுக்கில் நீர் மெல்ல ஊர்ந்து போகும்போது அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை வடிகட்டித் தின்கின்றன. சுத்திகரிப்பு நிலையம் என்று ஒன்று நம் கொல்லையில் இருக்கிறது என்றால், அது அந்த மண்.

எல்லா மண்ணும் இந்த வேலையைச் செய்யாது என்பதுதான் பெரம்பலூர், அரியலூர் என்ற நம் இரு மாவட்டங்களின் சங்கடம்.

பெரம்பலூரைச் சுற்றிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவது கரிசலில். கரிசல் களிமண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் அதன் வெடிப்பில் கையை விடலாம். ஐப்பசியில் அதே நிலம் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல மழைநீரை மேலேயே நிறுத்திக்கொள்ளும். உறிஞ்சுகுழிக்கு இது இரண்டு வகையிலும் கெடுதல். மழைக்காலத்தில் குழி உறிஞ்சாது. நீர் பின்வாங்கித் தெருச் சாக்கடைக்கு வழி தேடும். கோடையில் வெடிப்புகளின் வழியே, வடிகட்டப்படாமலேயே, விறுவிறுவென்று கீழே இறங்கும்.

கிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே காலுக்கடியில் இருப்பது பழைய கடல். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இந்த நிலத்துக்குள் ஏறி வந்தது. அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் பவளங்களும் வாழ்ந்து மடிந்து படிந்தன. அந்தக் கடலுக்குள் அடித்துவரப்பட்டுப் புதைந்த மரம் ஒன்று கல்லாகி இன்றும் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் சிமெண்டு ஆலைகளின் மூலப்பொருள் அதுதான். சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மழைநீரின் இலேசான அமிலம் பல்லாயிரம் ஆண்டுகளில் அதைக் கரைத்து விரிசல்களை அகலமாக்கும். மணலில் ஒரு மீட்டர் நகர நாட்கள் எடுத்துக்கொள்ளும் நீர், இத்தகைய விரிசலில் குழாயில் போவதுபோல் போய்விடும். வடிகட்டல் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இந்த நிலத்தில்தான் நாம் அடித்தளம் பூசாத தொட்டிகளைக் கட்டுகிறோம். கொத்தனார் குழி தோண்டி சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார். அடியில் கான்கிரீட் போட்டால் செலவு கூடும், சீக்கிரம் நிரம்பும் என்பார். "எங்க தொட்டி கட்டிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட நிரம்பலை" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. முறையாகக் கட்டிய தொட்டி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு எடுக்கப்பட வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக நிரம்பாத தொட்டி கசிந்துகொண்டிருக்கிறது. அது போய்ச்சேரும் இடம் அதே வளவில், சில சமயம் இருபதடி தள்ளி இருக்கும் ஆழ்துளைக் கிணறு. கழிவின் நைட்ரஜன் நிலத்தடியில் நைட்ரேட்டாக மாறும். நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினாலும் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் இந்தியத் தர அளவு. அதற்குமேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும்.

1854-ல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ ஒரு கைப்பம்பின் மீது சந்தேகப்பட்டார். பின்னால் தோண்டிப் பார்த்தபோது, பம்பின் கிணற்றிலிருந்து சுமார் மூன்றடி தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி இருந்தது. அதன் செங்கல் சுவர் இற்றுப்போயிருந்தது.

மலக்குழியே வேண்டாம், குழாயில் கொண்டுபோவோம் என்பது அடுத்த வழி. நம் இரு மாவட்டத் தலைநகரங்களிலும் பாதாளச் சாக்கடைக் குழாய்கள் புதைக்கப்பட்டுள்ளன. குழாயின் முடிவில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பது என்ன என்று விளக்க மான்செஸ்டருக்குப் போக வேண்டும். அங்கே எட்வர்டு ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரைக் குடுவையில் ஊற்றிக் காற்றை ஊதினார்கள். முதல்முறை அது முழுதாகத் தெளிய ஐந்து வாரம் ஆனது. அடியில் பழுப்பாகப் படிந்த கசடை அதுவரை எல்லோரும் கொட்டிவிடுவது வழக்கம். இவர்கள் தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, கசடை அப்படியே வைத்துக்கொண்டு புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்தது. கடைசியில் ஒரு நாளுக்குள்ளேயே வேலை முடிந்தது. 1914 ஏப்ரல் 3-ஆம் தேதி இதை அறிவித்தார்கள்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பாலில் ஒரு கரண்டி பழைய மோரை உறை ஊற்றினால் விடிவதற்குள் தயிர். உறை இல்லாமல் விட்டால் பால் எப்படியாகும், எப்போதாகும் என்று சொல்ல முடியாது. மான்செஸ்டரின் கசடும் உறைமோர்தான். கழிவைத் தின்னப் பழகிய கோடிக்கணக்கான நுண்ணுயிரிகளின் கூட்டம் அது. உலகமெங்கும் நகரங்களின் கழிவுநீர் இன்று இந்த வழியில்தான் பெரும்பாலும் தெளிகிறது. ஆர்டெர்னுக்கும் லாக்கெட்டுக்கும் வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் 1916-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். கண்டுபிடித்த இரண்டாம் ஆண்டிலேயே அந்த அறிவு நம் பக்கத்துக்கு வந்துவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. நூறாண்டுக்கு மேலாக அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

உறைமோருக்கு இரவெல்லாம் காற்று ஊத வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். சிற்றூர்களுக்கு அந்தச் செலவு பெரும் பாரம். வெயில் நிறைந்த ஊர்களுக்கு இன்னொரு வழி, ஆழமில்லாத குளங்களின் வரிசை. பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளிவிடும், பாக்டீரியா அதை வாங்கிக் கழிவைத் தின்னும், வெளிவரும் கரியமில வாயுவைப் பாசி வாங்கும். கொடுக்கல் வாங்கல் அவர்களுக்குள்ளேயே முடிந்துவிடும். வாரக்கணக்கில் நீர் நிற்பதால் புழு முட்டைகள் அடியில் படியும். இடம் நிறைய வேண்டும் என்பதொன்றுதான் குறை. என் கருத்தில், சென்னைக்கு ஏற்ற இயந்திரத்தைச் சிறிதாக்கிச் சிற்றூரில் வைப்பதைவிட, வெயிலும் தரிசு நிலமும் உள்ள ஊர் தன் வெயிலையும் நிலத்தையும் பயன்படுத்துவது நல்லது.

குழாயிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சாக்கடைக்குழாயில் நீர் குறைந்தது விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் திடப்பொருள்கள் படியாமல் போகும். குழாயின் சரிவும் விட்டமும் ஊர் முழுவதும் இணைப்புக் கொடுக்கும் என்ற கணக்கில் போடப்படுபவை. தெருவில் பாதி வீடுகள் இணைப்பு எடுக்காமல் பழைய தொட்டியோடு இருந்துவிட்டால், குடிநீர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வந்தால், குழாயில் ஓட்டம் மெலியும். மெலிந்தால் படியும். படிந்தால் அடைக்கும். அடைத்தால் மேன்ஹோல் பொங்கித் தெருவில் ஓடும். "பாதாளச் சாக்கடையே உருப்படாத திட்டம்" என்று ஊர் முடிவுகட்டும். மற்றவர்களும் இணைப்பு எடுக்கத் தயங்குவார்கள். இணைப்பு எடுக்காத ஒவ்வொரு வீடும், எடுத்த வீட்டின் குழாயையும் கெடுக்கிறது.

அடைத்த குழியில் யார் இறங்குவது? அறிவியல் கட்டுரையில் இந்தக் கேள்வியைத் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. காற்றில்லாமல் அழுகும் கழிவு ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும். மிகச் சிறிய அளவில் அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவைத் தொட்டதும் மூக்கின் நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டதே, உள்ளே இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நொடிதான் ஆகக் கொடிய நொடி. இன்னும் கூடினால் இரண்டு மூன்று மூச்சில் நினைவு தப்பும். விழுந்தவரைத் தூக்க இறங்கும் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து விழுவது இதனால்தான். பாதுகாப்பின்றி மனிதரைச் செப்டிக் தொட்டிக்குள்ளோ சாக்கடைக்குள்ளோ இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2014-ல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது. இறங்குவது நிற்கவில்லை. காலங்காலமாக எந்தச் சாதியினர் மீது இந்த வேலை சுமத்தப்பட்டதோ, இன்றும் பெரும்பாலும் அவர்களே சாகிறார்கள்.

லாரிக்குத் திரும்புவோம். தமிழ்நாடு அரசு 2014-ல் மலக்கசடு மேலாண்மைக்கென வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்பின் 2017-ல் மதுராந்தகம் அருகே கருங்குழி பேரூராட்சியில் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 ஆயிரம் லிட்டர் கசடு, அதாவது நான்கைந்து லாரி, அதன் கொள்ளளவு. பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகிறவர்கள் அந்த ஊரைக் கடந்துதான் போகிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் கண்ணில் படாது. லாரி கொட்டும் கசடு, சல்லியும் மணலும் அடுக்கிய பாத்திகளில் பரப்பப்படும். நீர் கீழே வடியும், அது தனியே தெளிவிக்கப்படும். மேலே எஞ்சுவது வெயிலில் காய்ந்து, வெடித்து, அப்பளம்போலப் பெயர்ந்துவரும். நம் தாத்தாக்கள் குப்பைமேட்டில் செய்ததன் கணக்குப்போட்ட வடிவம் என்று சொல்லலாம்.

காய்ந்துவிட்டால் உரம் என்று அவசரப்படக் கூடாது. உருளைப்புழுவின் முட்டை தடித்த ஓட்டுக்குள் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். நன்கு சூடேறும்படி மக்கவைத்தாலோ நீண்டகாலம் உலரப்போட்டாலோதான் அது சாகும். பச்சைக் கசடை வயலில் இறக்கச் சொல்லி லாரிக்காரரிடம் கேட்கும் விவசாயிகள் உண்டு. பயிர் செழிக்கும் என்பதும் உண்மை. வெறுங்காலோடு அந்த வயலில் களை எடுக்கப்போகிறவரை நினைத்தால் அந்தச் செழிப்பு வேண்டாம் என்று தோன்றுகிறது.

பாதாளச் சாக்கடையின் சுத்திகரிப்பு நிலையத்திலேயே லாரிகளை இறக்கச் செய்வது இன்னொரு ஏற்பாடு. இதிலும் அளவு பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஒரு லாரிக் கசடு, பி.ஓ.டி. கணக்கில், ஒரு லட்சம் லிட்டர் சாதாரணக் கழிவுநீருக்குச் சமம். காலையில் பத்து லாரிகள் ஒரே நேரத்தில் வந்து இறக்கினால் உறைமோர் திணறிப் புளித்துவிடும். தொட்டியில் வாங்கிவைத்து நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிட வேண்டும். அதைவிட முக்கியம், நிலையம் லாரிக்காரருக்குக் கட்டுப்படியாகும் தூரத்தில் இருப்பது. நாற்பது கிலோமீட்டர் போய்க் கொட்டு என்றால் டீசல் செலவே வாடகையைத் தின்றுவிடும். இரவில் ஓடைப் பாலத்தடியில் திறந்துவிடும் ஓட்டுநரை மட்டும் திட்டி என்ன செய்வது? பக்கத்தில் ஒரு இடமும் நியாயமான கட்டணமும் இருந்தால் அவரும் விளக்கைப் போட்டுக்கொண்டே போவார்.

சுத்தமான பிறகு அந்த நீர் என்னவாகும்? பெரம்பலூர் நகரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஐம்பதாயிரம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது திட்ட அளவு. அதில் எண்பது விழுக்காடு கழிவுநீராகும். பெருக்கினால் நாளுக்கு 54 லட்சம் லிட்டர். மக்காச்சோளம் கோடையில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் நீர் கேட்டால் ஒரு ஏக்கருக்குச் சுமார் இருபதாயிரம் லிட்டர். கணக்குப்படி 270 ஏக்கர். நடைமுறையில் பாதிதான் கிடைக்கும் என்றாலும் 130 ஏக்கருக்கு மேல். பருவமழை பொய்த்தாலும் பொய்க்காத நீர் இது ஒன்றுதான்; ஊர் இருக்கும்வரை தினமும் வரும். அதில் கரைந்த நைட்ரஜனும் பாஸ்பரசும் யூரியா மூட்டையின் எண்ணிக்கையைக் குறைக்கும். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் வெள்ளரிக்கும் பாய்ச்சக் கூடாது. மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பாய்ச்சலாம். அந்த இரண்டும்தானே இங்கே ஏற்கெனவே விளைகின்றன!

பாய்ச்சாமல் விடும் நீர் எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடலாம். நம் நிலத்தின் வடபுறம் வெள்ளாற்றுக்கு வடிகிறது. தென்புறம் மருதையாறு வழியாகக் கொள்ளிடத்துக்கு வடிகிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. கொள்ளிடம் அதற்குத் தெற்கே. இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. இறாலும் மீனும் நண்டும் குஞ்சாக வளரும் இடம் அது. கடலை நாம் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த ஒன்றாகப் பேசுகிறோம். மழைக்காலத்தில் அது நம் வாசலிலிருந்து இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் இருக்கிறது.

பி.ஓ.டி. சோதனைக்கு இங்கிலாந்தின் அரச ஆணையம் ஐந்து நாள் என்று வைத்ததற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அந்த நாட்டின் எந்த ஆறும் கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதாம். அதன்பின் என்ன ஆனாலும் அது கடலின் பாடு. நம் வெப்பத்தில் நுண்ணுயிரிகள் வேகமாகத் தின்னும் என்பதால் இந்தியத் தரத்தில் அது 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாள். நீர் மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, இருட்டுப் பெட்டியில் வைத்து, மூன்றாம் நாள் எடுத்து எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்ப்பார்கள். அரியலூரிலிருந்து கொள்ளிடத்தின் முகத்துவாரம் ஆற்றின் வளைவுகளோடு சுமார் நூறு கிலோமீட்டர் என்று கொண்டால், நீர் விநாடிக்கு அரை மீட்டர் ஓடினால் 55 மணி நேரம். ஆய்வகத்தில் அந்தப் புட்டியைத் திறப்பதற்குள், ஐப்பசி மழையில் மருதையாற்றில் கலந்த கழிவு கடலைத் தொட்டிருக்கும்.